ஒரு ‘&’ உடையும் இடங்கள்: வலைப்பக்கத்தில் சிறப்பு எழுத்துகளைக் கையாளும் முறை

தலைப்பில் “இயல் & இசை” என்று எழுதிப் பதிவேற்றினால், திரையில் “இயல் &#38; இசை” என்று நிற்கிறது. தேடல் பெட்டியில் “சி#” என்று கொடுத்தால் “சி”க்கு மட்டும் விடை வருகிறது. இன்னொரு பக்கத்தில் தமிழ் வரிகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிக் கிடக்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மூன்றையும் “என்கோடிங் பிரச்சினை” என்று ஒரே பெயரில் சொல்லி, கைக்குக் கிடைத்த ஃபங்ஷனை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு கோளாறு இரண்டு கோளாறாக ஆவது அப்படித்தான்.

மூன்றும் நடப்பது வேறு வேறு அடுக்குகளில். எழுத்து பைட்டாக மாறுவது ஓர் அடுக்கு. அந்த எழுத்து எச்டிஎம்எல்லுக்குள் நுழையும்போது மாறுவது இன்னோர் அடுக்கு. யூஆர்எல்லுக்குள் நுழையும்போது மாறுவது மூன்றாவது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி விதி உண்டு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு விஷம். கீழிருந்து மேலாகப் போவோம்.

படி 1: பைட் அடுக்கைச் சரிசெய்தல்

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. யூனிகோட் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்திருக்கிறது. அதைக் குறியெண் என்போம். தமிழுக்கான பகுதி 2944 முதல் 3071 வரை. அந்தக் குறியெண்ணை எத்தனை பைட்டாக, எப்படி எழுதுவது என்று சொல்வது யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் 1 பைட், தமிழுக்கு 3, பெரும்பாலான எமோஜிகளுக்கு 4.

“தமிழ்” என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு 5 குறியெண்:

த 2980
ம 2990
ி 3007
ழ 2996
் 3021

ஐந்துக்கும் மும்மூன்று பைட் என்றால் மொத்தம் 15 பைட். 3, 5, 15 என்ற இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். “நீளம்” என்று ஒரு மொழி சொல்லும்போது அது இவற்றில் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் வரியை வெட்டுவதுதான் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம். 100 பைட்டில் வெட்டு என்று சொன்னால் 33 தமிழ்க் குறியெண் போக ஒரு பைட் தனியே தொங்கும். வரியின் கடைசியில் � என்று ஒரு கறுப்பு வைரம் முளைக்கும்.

செய்ய வேண்டியவை இவை:

1. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பெரும்பாலான எடிட்டர்களில் கீழ்ப்பட்டையிலேயே குறியாக்கத்தின் பெயர் தெரியும். “பாம்” எனப்படும் தொடக்கக் குறி இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட்டை ஒட்டவைக்கும். பிஎச்பி கோப்பில் அது இருந்தால், நிரல் ஓடத் தொடங்குமுன்பே அந்த மூன்று பைட் வெளியே போய்விடும். “ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டது” என்ற எச்சரிக்கை வரும் (பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் தகவல் வரிகளே ஹெடர்). விதிவிலக்கு ஒன்று உண்டு: எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறக்கப்போகும் சிஎஸ்வி கோப்புக்குப் பாம் வேண்டும். இல்லையென்றால் தமிழ் சிதைந்து திறக்கும்.

2. பக்கத்தின் ஹெட் பகுதியில் மெட்டா சார்செட் வரியை முதல் வரியாகப் போடுங்கள். உலாவி அதைக் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள்தான் தேடும். நீளமான கருத்துரைகளையும் ஸ்கிரிப்ட்களையும் மேலே வைத்துவிட்டு இதைக் கீழே தள்ளினால் பலன் இல்லை.

3. சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெடரைப் பாருங்கள். உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியில் தெரியும். ஹெடர் ஒன்று சொல்லி மெட்டா இன்னொன்று சொன்னால் ஹெடர் சொல்வதே செல்லும். கோப்பின் தலையில் பாம் இருந்தால் அது இரண்டையும் மிஞ்சும்.

4. தரவுத்தளம். மைஎஸ்கியூஎல்லில் “யூடிஎஃப்8” என்ற பெயர் 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். யாராவது ஓர் எமோஜியைப் போடும் நாளில்தான் வெளிப்படும்: கண்டிப்பான பயன்முறையில் பிழை வரும், இல்லையென்றால் எமோஜியிலிருந்து மிச்ச வரி முழுவதும் சத்தமில்லாமல் வெட்டுப்படும். 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறியீடுகளும் 4 பைட்தான். ஆகவே “யூடிஎஃப்8எம்பி4” என்பதையே அட்டவணைக்கும் இணைப்புக்கும் வையுங்கள். இணைப்பை மறந்துவிட்டு அட்டவணையை மட்டும் மாற்றுவது வழக்கமான தவறு.

திரையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்

இந்த அடுக்கில் உடைந்தால் நான்கு விதமாகத் தெரியும். நான்கையும் கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சதுரப் பெட்டிகள் தெரிந்தால் எழுத்து சரியாகவே இருக்கிறது, காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. கோப்பைத் தொடவே வேண்டாம்.

“?????” என்று வெறும் கேள்விக்குறிகள் வந்தால் கெட்ட செய்தி. தமிழே தெரியாத ஒரு குறியாக்கத்தில் யாரோ சேமித்திருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் உண்மையிலேயே கேள்விக்குறியாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. டீகோட் செய்ய எதுவும் மிச்சமில்லை. பழைய நகலைத் தேட வேண்டியதுதான்.

� வந்தால், யூடிஎஃப்-8 என்று நம்பிப் படித்த பைட்டுகள் யூடிஎஃப்-8 அல்ல, அல்லது நடுவில் வெட்டுப்பட்டவை. இதன் குறியெண் 65533. மூலக் கோப்பு இன்னும் கையில் இருந்தால் அதைச் சரியான குறியாக்கத்தில் படித்து மீட்கலாம். � வந்த நிலையிலேயே சேமித்துவிட்டால் போனது போனதுதான்.

நான்காவதுதான் சுவாரசியமானது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து ® குறி, அடுத்து ஏதோ ஒன்று. இந்த மூன்று மூன்றான அணிவகுப்பைப் பார்த்தாலே தமிழ் என்று சொல்லிவிடலாம். “த”வின் பைட்டுகள் 224, 174, 164. அவற்றை விண்டோஸ்-1252 என்ற பழைய ஒற்றைப் பைட் குறியாக்கத்தில் படித்தால் 224 சாய்கோட்டு ஏ, 174 ®, 164 ¤. தமிழ் எழுத்துகள் எல்லாமே 224இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வருபவை. அதனால்தான் எந்தத் தமிழ் வரி சிதைந்தாலும் ஒரே முகம்.

இது மீளக்கூடியது. சிதைந்த வரியை விண்டோஸ்-1252 பைட்டுகளாகத் திருப்பி எழுதி, அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் திரும்பி வரும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழில் அந்த எண்கள் எங்கே வருகின்றன? புள்ளியின் கடைசிப் பைட் 141. உகரக் குறி “ு”வின் கடைசிப் பைட் 129. “ஏ”வுக்கு 143, “ஐ”க்கு 144. உலாவிகள் இந்தக் காலியிடங்களைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகளாக வைத்துக்கொள்ளும். கண்டிப்பான நிரல்களோ பிழை காட்டும், அல்லது தூக்கிப் போட்டுவிடும். ஆக, மீட்டெடுத்த உரையில் மெய்யெழுத்துகளின் புள்ளியும் உகரமும் மட்டும் காணாமல் போய் � நின்றால் வியக்காதீர்கள். சிதைந்த உரையை “சுத்தம் செய்கிறேன்” என்று கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்குமுன் மீட்டுவிடுங்கள். பைத்தானில் எஃப்டிஎஃப்ஒய் என்ற நூலகம் இந்தக் காலியிடங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

படி 2: எச்டிஎம்எல்லுக்குள் எழுத்தை வைத்தல்

பைட் அடுக்கு சரியாகிவிட்டால் தமிழை, ©ஐ, நீளக் கோட்டை எல்லாம் அப்படியே எழுதலாம். “அ”வை &#2949; என்று எழுத வேண்டிய காலம் மலையேறிவிட்டது. அப்படி எழுதினால் “தமிழ்” என்ற ஒரு சொல் மூலக் கோப்பில் 35 எழுத்தாகும். தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது.

மாற்றியே ஆகவேண்டியவை ஐந்து மட்டும். எச்டிஎம்எல்லின் இலக்கணத்தில் அவற்றுக்கு வேலை இருப்பதால்:

& → &#38;
< → &#60;
> → &#62;
" → &#34;
' → &#39;

இவற்றுக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர்களும் உண்டு: ஆம்ப், எல்டி, ஜிடி, குவாட், அபாஸ். படிக்க எளிது. ஆனால் அபாஸ் எச்டிஎம்எல் 4இல் கிடையாது. ஆர்எஸ்எஸ் போன்ற எக்ஸ்எம்எல் கோப்புகளில் இந்த ஐந்து பெயர்களைத் தவிர வேறெதுவும் தானாகச் செல்லாது. எச்டிஎம்எல்லில் பழகிய வேறொரு பெயரை அங்கே போட்டால் அந்தச் செய்தியோடை முழுவதும் திறக்காமல் நிற்கும். எண் வடிவம் எங்கும் ஓடும். இந்தக் கட்டுரையில் எண் வடிவமே வருவதும் அதனால்தான்.

கடைசியில் வரும் அரைப்புள்ளியை விடாதீர்கள். சில பழைய பெயர்களை உலாவிகள் அரைப்புள்ளி இல்லாமலேயே ஏற்கும். அது வசதி அல்ல, வம்பு. & குறியை ஒட்டி “காப்பி” என்ற ஆங்கிலச் சொல் வந்தால் © ஆகிவிடும். “செக்‌ஷன்” என்ற ஆங்கிலச் சொல் வந்தால் முதல் நான்கு எழுத்தை விழுங்கி § ஆகி, மிச்சம் மூன்று எழுத்து அநாதையாக நிற்கும். ஒரு யூஆர்எல்லைப் பக்கத்தில் வாசிப்பதற்காக அப்படியே ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு பழைய பழக்கம் &#147; , &#148; என்று வளைந்த மேற்கோள் குறிகளை எழுதுவது. உலாவிகள் பெருந்தன்மையாக அதை விண்டோஸ்-1252 எண்ணாக எடுத்துக்கொண்டு சரியாகவே காட்டும். எக்ஸ்எம்எல்லில் அது வெறும் கட்டுப்பாட்டு எழுத்து. சரியான எண்கள் &#8220; மற்றும் &#8221;.

எந்த மொழியில் என்ன ஃபங்ஷன்? பிஎச்பியில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ். 8.1க்கு முந்தைய பதிப்புகளில் அது ஒற்றை மேற்கோளை மாற்றாது. இரண்டு மேற்கோள்களையும் மாற்று என்ற கொடியைச் சேர்த்தே அழைக்க வேண்டும். பைத்தானில் எச்டிஎம்எல் தொகுதியின் எஸ்கேப், அது ஐந்தையும் மாற்றும். உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டில் வேலை செய்கிறீர்கள் என்றால் மாற்றவே வேண்டாம்: இன்னர்எச்டிஎம்எல்லில் வரியைத் திணிப்பதற்குப் பதில் டெக்ஸ்ட்கன்டென்ட்டில் வையுங்கள். அதில் வைத்த < எப்போதும் வெறும் < தான், குறிச்சொல் ஆகாது.

ஒருமுறை, வெளியே போகும் வாசலில்

தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே &#38; என்று மாற்றிச் சேமிப்பது பலரும் செய்வது. செய்யாதீர்கள். அதே வரி நாளை மின்னஞ்சலுக்குப் போகும், சிஎஸ்விக்குப் போகும், செயலிக்குப் போகும்; அங்கெல்லாம் &#38; அசிங்கமாக நிற்கும். தேடலும் கெடும். சேமிப்பில் எப்போதும் மூல எழுத்தே இருக்கட்டும். பக்கத்தை உருவாக்கும் கடைசி நொடியில், எழுத்து எங்கே விழப்போகிறது என்று தெரியும் இடத்தில், ஒரே ஒருமுறை மாற்றுங்கள்.

இரண்டுமுறை மாற்றினால் இப்படி ஆகும்:

மூலம்: இயல் & இசை
ஒருமுறை: இயல் &#38; இசை
இரண்டுமுறை: இயல் &#38;#38; இசை

உலாவி ஒருமுறைதான் அவிழ்க்கும். எனவே மூன்றாவது வரி திரையில் “இயல் &#38; இசை” என்று தெரியும். இதற்குப் பெரும்பாலும் காரணம் டெம்ப்ளேட். இப்போதுள்ள டெம்ப்ளேட் இயந்திரங்கள் பலவும் தாமாகவே எஸ்கேப் செய்கின்றன, அதாவது இந்த எழுத்துகளை மாற்றிவிடுகின்றன. அது தெரியாமல் நீங்களும் ஒருமுறை செய்திருப்பீர்கள். உங்கள் பங்கை எடுத்துவிடுங்கள். டெம்ப்ளேட்டின் தானியங்கியை “ரா” அல்லது “சேஃப்” என்று அணைப்பது தவறான தீர்வு. திரை சரியாகிவிடும், ஆனால் நாளை யாரோ ஒருவர் தன் பெயரில் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை எழுதி அனுப்பினால் அது உங்கள் வாசகரின் உலாவியில் ஓடும். எக்ஸ்எஸ்எஸ் தாக்குதல் என்று பெரிய பெயரில் சொல்வது அடிப்படையில் இந்த விடுபட்ட &#60; தான்.

இடத்துக்கு இடம் விதி மாறும்

குறிச்சொற்களுக்கு வெளியே உரையில் &, < இரண்டும் மாறினால் போதும். ஆட்ரிபியூட்டுக்குள் (குறிச்சொல்லுக்குள் பெயர்=மதிப்பு என்று வரும் பகுதி) மேற்கோளும் மாற வேண்டும். ஆட்ரிபியூட் மதிப்பை எப்போதும் மேற்கோளுக்குள் வையுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் ஓர் இடைவெளியே போதும், மதிப்பு அங்கே முடிந்து அடுத்த சொல் புதிய ஆட்ரிபியூட் ஆகிவிடும். ஐந்தையும் எங்கும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஸ்கிரிப்ட், ஸ்டைல் குறிச்சொற்களுக்குள் கதை வேறு. அங்கே உலாவி &#38;ஐ அவிழ்ப்பதே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் சரத்தில் &#34; என்று வைத்தால் அது ஐந்து எழுத்துகளாகவே இருக்கும். மாற்றாமல் விட்டாலும் ஆபத்து: சரத்துக்குள் ஸ்கிரிப்டை மூடும் குறிச்சொல் வந்துவிட்டால், அது மேற்கோளுக்குள் இருந்தாலும் உலாவி அங்கேயே ஸ்கிரிப்டை முடித்துவிடும். வழி இதுதான்: தரவை ஜேசன் என்ற தரவு வடிவமாக்குங்கள், பிறகு அதிலுள்ள ஒவ்வொரு < குறியையும் பின்சாய்கோடு, யூ, 003சி என்ற ஆறெழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு அது < தான். எச்டிஎம்எல் பாகுபடுத்திக்கு அது எதுவுமே இல்லை.

சொடுக்கும்போது ஓட வேண்டிய ஸ்கிரிப்டை வைக்கும் ஆன்கிளிக் போன்ற ஆட்ரிபியூட்டுகளில் இரண்டும் சேர்ந்து வரும். உலாவி முதலில் எச்டிஎம்எல்லை அவிழ்த்துவிட்டு, கிடைத்ததை ஜாவாஸ்கிரிப்டாகப் படிக்கும். நீங்கள் கவனமாக எழுதிய &#39; அப்போது மறுபடி ' ஆகி, சரத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அங்கே தரவை வைக்காமல், டேட்டா ஆட்ரிபியூட்டில் வைத்து ஸ்கிரிப்டிலிருந்து படித்துக்கொள்வதே நிம்மதி.

படி 3: யூஆர்எல்லுக்குள் எழுத்தை வைத்தல்

யூஆர்எல்லில் மாற்றும் முறை வேறு. எழுத்தை யூடிஎஃப்-8 பைட்டாக்கி, ஒவ்வொரு பைட்டையும் % போட்டுப் பதினாறடிமான எண்ணாக எழுத வேண்டும். இடைவெளி %20. # என்றால் %23. % என்றால் %25. & என்றால் %26. ஒரு பைட்டுக்கு 3 எழுத்து ஆவதால் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு 9 எழுத்து. “தமிழ்” 45 எழுத்தாகிறது. முகவரிப் பட்டையில் அழகாகத் தெரிந்த தமிழ் இணைப்பு, நகலெடுத்து ஒட்டும்போது மூன்று வரிக்கு நீள்வது இதனால்தான். அதை இடையில் வெட்டிச் சுருக்கினால் பைட் பாதியில் அறுந்து இணைப்பு திறக்காது.

எதை மாற்ற வேண்டும் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். யூஆர்எல் முழுவதையும் ஒரே ஃபங்ஷனில் போடக்கூடாது. ?, &, =, /, # ஆகியவை யூஆர்எல்லின் மூட்டுகள். மூட்டுகளை மாற்றாமல், மூட்டுகளுக்கு இடையே செல்லும் மதிப்புகளை மட்டும் மாற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்குத்தான் இரண்டு ஃபங்ஷன்: என்கோட்-யூஆர்ஐ மூட்டுகளைத் தொடாது, என்கோட்-யூஆர்ஐ-காம்போனன்ட் மூட்டுகளையும் மாற்றும். மதிப்புகளுக்கு இரண்டாவதுதான். முதலாவதைப் போட்டால் “இயல் & இசை”யில் உள்ள & அப்படியே நின்று, மதிப்பு “இயல்” என்பதோடு முடிந்துவிடும். “சி#” தேடல் உடைந்ததும் இப்படியே: #க்குப் பிறகுள்ள எதையும் உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் எஸ்கேப் என்ற பழைய ஃபங்ஷன் தமிழுக்கு வேறெங்கும் செல்லாத ஒரு வடிவத்தைத் தரும். அதைத் தொடவே வேண்டாம்.

கூட்டல் குறி தனி வில்லங்கம். படிவங்கள் அனுப்பும் கேள்விப் பகுதியில் இடைவெளிக்குப் பதில் + எழுதுவது பழைய மரபு. ஆகவே, மாற்றாமல் அனுப்பிய + அந்தப் பக்கம் இடைவெளியாகிவிடும். நாட்டுக் குறியோடு எழுதிய தொலைபேசி எண்ணின் முன் + காணாமல் போவதும், கூட்டல் குறியுள்ள மின்னஞ்சல் முகவரி “தவறானது” என்று திரும்புவதும் இதனால். + குறியை %, 2, பி என்ற மூன்றெழுத்தாக மாற்றியே அனுப்ப வேண்டும். யூஆர்எல்லின் பாதைப் பகுதியிலோ + வெறும் + தான், இடைவெளி அல்ல. பிஎச்பியில் யூஆர்எல்என்கோட் இடைவெளியை + ஆக்கும், ராயூஆர்எல்என்கோட் %20 ஆக்கும். பாதைக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

%2520 என்று எங்கேயாவது கண்டால் அது இரட்டை மாற்றம். %20இல் உள்ள % மறுபடி %25 ஆகியிருக்கிறது. எச்டிஎம்எல்லின் &#38;#38; போலத்தான்.

டொமைன் பெயர் மட்டும் இந்த விதிக்குள் வராது. தமிழ் டொமைன் பெயர்கள் % வடிவத்தில் அல்ல, புனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாறுகின்றன. அதை உலாவியே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு அடுக்கும் சேரும் இடம்

பக்கத்தில் ஓர் இணைப்பை எழுதும்போது யூஆர்எல் விதியும் எச்டிஎம்எல் விதியும் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. வரிசை முக்கியம். வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்துகளை மாற்றாமலே காட்டுகிறோம்.

1. மதிப்பு: இயல் & இசை
2. மதிப்பை மட்டும் யூஆர்எல்லுக்கு மாற்று: இயல்%20%26%20இசை
3. மூட்டுகளைச் சேர்: ?தேடல்=இயல்%20%26%20இசை&பக்கம்=2
4. முழுவதையும் எச்டிஎம்எல்லுக்கு மாற்று: ?தேடல்=இயல்%20%26%20இசை&#38;பக்கம்=2

கடைசி வரியே ஆட்ரிபியூட்டுக்குள் போகும். அதில் இரண்டு & இரண்டு வேடத்தில் இருப்பதைப் பாருங்கள். மதிப்புக்குள் இருந்தது %26; மூட்டாக இருந்தது &#38;.

ஓர் எச்சரிக்கை: இணைப்பு முழுவதையுமே வெளியாள் தருகிறார் என்றால் எந்த மாற்றமும் காப்பாற்றாது. “ஜாவாஸ்கிரிப்ட்:” என்று தொடங்கும் இணைப்பில் மாற்றவேண்டிய எழுத்தே இல்லாமல் போகலாம். அது எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்று சோதித்த பிறகே அச்சிடுங்கள்.

படி 4: அவிழ்க்கும்போது தலைகீழ் வரிசை

கட்டிய வரிசைக்கு நேர் எதிராக அவிழ்க்க வேண்டும். மேலே கட்டிய இணைப்பை எடுத்துக்கொண்டால், உலாவி எச்டிஎம்எல்லை அவிழ்த்து &#38;ஐ & ஆக்கும். சர்வர் முதலில் &இலும் =இலும் துண்டாக்கும். அதன் பிறகே ஒவ்வொரு துண்டிலும் % வடிவத்தை அவிழ்க்கும். அவசரப்பட்டு முதலிலேயே % வடிவத்தை அவிழ்த்தால் %26 & ஆகிவிடும்; பிறகு துண்டாக்கினால் இரண்டு மதிப்புக்குப் பதில் மூன்று துண்டு வரும், “ இசை” என்பது பெயரில்லாத் துண்டாக நிற்கும்.

ஃபிரேம்வொர்க்குகள் பொதுவாக இதையெல்லாம் செய்துதான் மதிப்பைக் கையில் தருகின்றன. “பாதுகாப்புக்காக” இன்னொருமுறை அவிழ்க்காதீர்கள். “50%25” என்று வந்தது சரியாக “50%” ஆகியிருக்கும்; அதை மறுபடி அவிழ்க்கப் போனால் %க்குப் பின் எண் இல்லாததால் ஜாவாஸ்கிரிப்டின் டீகோட்-யூஆர்ஐ-காம்போனன்ட் யூஆர்ஐ-எரர் எறிந்து பக்கத்தையே நிறுத்திவிடும். பாதுகாப்புச் சோதனைகளையும் முழுவதும் அவிழ்த்த பிறகே செய்யுங்கள். சோதித்துவிட்டு அவிழ்த்தால், %க்குள் ஒளிந்து வந்தது சோதனையைத் தாண்டியிருக்கும்.

அதே ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் + குறியை இடைவெளியாக்காது. கேள்விப் பகுதியைப் பிரிக்க யூஆர்எல்-சர்ச்-பாராம்ஸ் பயன்படுத்தினால் அது இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே &#38;#38; என்று சேமிக்கப்பட்ட பழைய தரவைத் திருத்த வேண்டியிருந்தால், எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டுமுறை டீகோட் ஓட்டாதீர்கள். எச்டிஎம்எல் பாடம் சொல்லும் கட்டுரை ஒன்றில் &#38; என்பதே உண்மையான உள்ளடக்கமாக இருக்கலாம். முதலில் நகல் எடுத்து, &#38;#38; இருக்கும் வரிகளை மட்டும் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே தோற்றம், வேறு எண்

எல்லாம் சரியாக இருந்தும் தேடலில் ஒரு சொல் அகப்படவில்லை, அல்லது தமிழ் முகவரி 404 தருகிறது என்றால் இங்கே பாருங்கள். “கொ”வில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்த குறிக்கு 3018 என்று ஒரே எண் உண்டு. 3014ஐயும் 3006ஐயும் அடுத்தடுத்து எழுதினாலும் அதே தோற்றம்தான். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. என்எஃப்சி என்ற இயல்பாக்க முறை இரண்டையும் 3018 ஆக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் ஃபங்ஷனின் இயல்பு வடிவமே அதுதான். உள்ளே வரும் எழுத்தை ஒருமுறை இதில் விட்டு எடுங்கள்.

என்எஃப்சியாலும் தீராதது ஒன்று உண்டு. “ௌ” குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் “ள”வையும் தட்டச்சு செய்வது, “ஔ”வுக்குப் பதில் “ஒ”வையும் “ள”வையும் தட்டுவது, துணைக்காலுக்குப் பதில் “ர” போடுவது. இவை எழுத்துப்பிழைகள்; எந்த ஃபங்ஷனும் தானாகத் திருத்தாது.

கண்ணுக்கே தெரியாதவையும் உண்டு. சொற்செயலியிலிருந்து ஒட்டும்போது வரும் உடையா இடைவெளி 160, அகலமில்லா இடைவெளி 8203, பாமின் எச்சமான 65279. முகவரியிலும் கடவுச்சொல்லிலும் இவை புகுந்தால் பொருந்தவே பொருந்தாது. 8204ஐ மட்டும் கண்டபடி நீக்காதீர்கள். “ரிக்‌ஷா” போன்ற சொற்களில் க்-உம் ஷ-வும் ஒட்டி ஒரே கூட்டெழுத்தாகாமல் தடுப்பது அதுதான். தேடல் அட்டவணையில் நீக்கலாம், காட்டும் உரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்பு கிடைத்தால் சார்செட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டும் இருந்தது. அதற்கென்று உள்ள மாற்றியைத்தான் ஓட்ட வேண்டும். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள கோப்புகளுக்கும் மாற்றி தேவை. அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னே சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடிலோ மெய் முதலில், கொம்பு பிறகு. மாற்றி இந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்கிறதா என்று “கெ”, “கொ”, “கை” மூன்றையும் கொண்டு சோதித்துவிடுங்கள்.

சோதனை வரி

புதிய படிவமோ தேடலோ கட்டியதும் இந்த ஒரு வரியை உள்ளே போடுங்கள்:

தமிழ் கொடு 5<!7 & "இயல்" 'இசை' 1+1 50% #1 😀

சேமித்து, பக்கத்தில் பாருங்கள், திருத்தும் படிவத்தில் திறந்து மறுபடி சேமியுங்கள், தேடல் இணைப்பில் அனுப்புங்கள், சிஎஸ்வியாக இறக்குங்கள். எல்லா இடத்திலும் ஓர் எழுத்து மாறாமல் வர வேண்டும். 5க்குப் பின் எல்லாம் மறைந்தால் எச்டிஎம்எல் எஸ்கேப் இல்லை. திருத்தும் படிவத்தில் “இயல்” தொடங்கும் இடத்தோடு நின்றால் ஆட்ரிபியூட்டில் மேற்கோள் மாறவில்லை. ஒவ்வொரு சேமிப்புக்கும் & நீண்டுகொண்டே போனால் சேமிப்பில் எஸ்கேப் நடக்கிறது. 1+1 “1 1” ஆனால் கூட்டல் குறி விடுபட்டது. தேடலில் &இலிருந்து வெட்டுப்பட்டால் மதிப்புக்குத் தவறான ஃபங்ஷன். எமோஜியிலிருந்து மட்டும் வெட்டுப்பட்டால் தரவுத்தளத்தைப் பாருங்கள்.